பெருந்தொற்றுக் காலத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும் வேளையில் பெருந்தொற்று பரவினால், அந்த நாள் தள்ளிப்போக நேரிடலாம். அவ்வாறு தள்ளிவைப்பது ஏன், அதனால் வரக்கூடிய தீங்கு என்ன, அறுவை சிகிச்சை மருத்துவர்கள் இதனை எவ்வாறு எண்ணிப் பார்க்கின்றனர், காத்திருக்கும் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. இங்குள்ள செய்திகள் கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் கிடைத்த அனுபவத்தையும் ஆய்வு முடிவுகளையும் அடிப்படையாகக் கொண்டவை.

முக்கியச் செய்திகள்

• அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பது சிகிச்சையைக் கைவிடுவது ஆகாது. ஆயினும் தள்ளிவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. எனவே அம்முடிவை உங்கள் மருத்துவக் குழுவே எடுக்க வேண்டும். தொற்றுக்கு அஞ்சி நீங்களாகவே வராமல் இருந்துவிடக் கூடாது.
• எல்லாப் புற்றுநோய்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சில காத்திருக்கும், சில காத்திரா.
• அறுவை சிகிச்சையை ஒட்டிய நாட்களில் கோவிட்-19 தொற்று ஏற்பட்டால், நுரையீரல் பாதிப்பும் உயிராபத்தும் கூடும்.
• தொற்றில்லாத தனிப் பகுதி, முன்பரிசோதனை, முகக்கவசம் ஆகியவை முறையாகக் கடைப்பிடிக்கப்பட்ட மருத்துவமனைகளில், பெருந்தொற்றின் நடுவிலும் புற்றுநோய் அறுவை சிகிச்சைகள் பாதுகாப்பாக நடைபெற்றன.

அறுவை சிகிச்சைகள் ஏன் தடைபடுகின்றன?

பெரிய புற்றுநோய் அறுவை சிகிச்சை ஒன்றுக்கு அறுவை அரங்கு மட்டும் போதாது. மயக்க மருந்து அளிக்கும் மருத்துவர், செயற்கைச் சுவாசக் கருவி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை, பயிற்சி பெற்ற செவிலியர்கள், இரத்த வங்கியில் போதிய இரத்தம் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் ஒருங்கே கிடைக்க வேண்டும். சுவாசத்தைத் தாக்கும் பெருந்தொற்று இவை ஒவ்வொன்றையும் பறித்துக்கொள்கிறது. தீவிர சிகிச்சைப் படுக்கைகள் தொற்றாளர்களால் நிரம்புகின்றன. மயக்கவியல் மருத்துவர்களும் செவிலியர்களும் தொற்றுப் பிரிவுகளுக்கு மாற்றப்படுகின்றனர். பணியாளர்களே நோயுற்றுத் தனிமையில் இருக்க நேர்கிறது. இரத்ததான முகாம்கள் நடைபெறாமையால் இரத்தக் கையிருப்பும் குறைகிறது.

இவற்றோடு போக்குவரத்துத் தடையும் சேர்கிறது. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்னரே பயணிகள் இரயில்கள் நிறுத்தப்பட்டிருந்தன. நம் நாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் அமைந்துள்ளன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு, மருத்துவமனை திறந்திருந்தும் அதை அடைய வழியில்லாமல் போயிற்று.

2020ஆம் ஆண்டில் நிகழ்ந்தது என்ன?

உலக அளவில் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் ஒன்றிணைந்து நடத்திய 'கோவிட்சர்ஜ்' என்னும் கூட்டாய்வுக் குழு, பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் ஏறத்தாழ 2.84 கோடி அறுவை சிகிச்சைகள் தள்ளிவைக்கப்படவோ கைவிடப்படவோ கூடும் என 2020 மே மாதம் கணித்தது. புற்றுநோய் அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை அவ்வாறு தள்ளிப்போகும் என்பதும் அக்கணிப்பில் அடங்கும்.

அதே குழு பின்னர் 61 நாடுகளைச் சேர்ந்த 20,006 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2021ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. அறுவை சிகிச்சைக்குத் திட்டமிடப்பட்டிருந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கடந்த பின்னரும் அது நடைபெறவில்லை. முழு ஊரடங்கு நிலவிய பகுதிகளில் இந்த அளவு 15 சதவீதமாகவும், மிதமான கட்டுப்பாடுகள் இருந்த பகுதிகளில் 5.5 சதவீதமாகவும், இலேசான கட்டுப்பாடுகள் இருந்த பகுதிகளில் 0.6 சதவீதமாகவும் இருந்தது.

இந்தியாவில் தேசியப் புற்றுநோய் வலைப்பின்னலைச் சேர்ந்த 41 மையங்களின் பதிவுகள் ஆராயப்பட்டன. 2019 மார்ச் முதல் மே வரையிலான காலத்தோடு 2020ஆம் ஆண்டின் அதே மாதங்கள் ஒப்பிடப்பட்டன. பெரிய அறுவை சிகிச்சைகள் 17,120இலிருந்து 8,677 ஆகக் குறைந்தன. புதிதாகப் பதிவு செய்துகொண்ட நோயாளிகள் 1,12,270இலிருந்து 51,760 ஆகக் குறைந்தனர். சிறு நகரங்களைவிடப் பெருநகர மையங்களில் இச்சரிவு மிகுதியாக இருந்தது.

இவற்றுள் இரண்டாம் எண்ணிக்கையை நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மூன்று மாதங்களில் புற்றுநோய் பாதியாகக் குறைந்துவிடவில்லை. நோய் இருந்தும் மருத்துவமனைக்கு வராதவர்கள் மிகுந்தனர் என்பதே அதன் பொருள். நாள் தள்ளிவைக்கப்பட்ட நோயாளியின் பெயராவது ஒரு பட்டியலில் இருக்கும். மருத்துவமனைக்கு வராத நோயாளியின் பெயர் எப்பட்டியலிலும் இராது. ஆகவே, கட்டி, ஆறாத புண், காரணமற்ற இரத்தப்போக்கு போன்ற அறிகுறிகள் தோன்றினால், பெருந்தொற்றுக் காலமாயினும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறுவை சிகிச்சை மருத்துவர்களின் கருத்துகள்

பெருந்தொற்றின் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து நிலவவில்லை. எச்சரிக்கையாக நிறுத்திவைக்க வேண்டும் என ஒரு சாராரும், இயன்றவரை தொடர வேண்டும் என மற்றொரு சாராரும் கருதினர். இரு சாராரின் கவலைக்கும் காரணம் இருந்தது.

நிறுத்திவைக்க வேண்டும் என்றவர்களின் காரணங்கள்

முதற்காரணம் நோயாளியின் உயிர். 24 நாடுகளில் அறுவை சிகிச்சையை ஒட்டிய நாட்களில் கோவிட்-19 தொற்றுக்கு ஆளான 1,128 பேரைப் பற்றிய ஆய்வு 2020 மே மாதம் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நுரையீரல் சார்ந்த சிக்கல்கள் ஏற்பட்டன. 30 நாட்களுக்குள் 23.8 சதவீதத்தினர் இறந்தனர். அவசர அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்களும் பிற நோய் உடையவர்களும் இவர்களுள் அடங்குவர். தடுப்பூசி அப்போது கிடையாது. எனினும், "கட்டியை அகற்றப் போய்த் தொற்றினால் உயிரை இழக்க நேருமோ" என்ற அச்சத்திற்கு இந்த எண்ணிக்கை இடமளித்தது.

இரண்டாம் காரணம் பணியாளர்களின் பாதுகாப்பு. வாய், தொண்டை, மூச்சுக்குழாய் ஆகிய இடங்களில் அறுவை செய்யும்போது நோயாளியின் மூச்சுத் துளிகள் காற்றில் கலக்கும். வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் வெளியேறும் வாயுவாலும் தொற்று பரவக்கூடும் எனத் தொடக்கத்தில் அஞ்சப்பட்டது. பிரிட்டனின் அறுவை மருத்துவக் கல்லூரிகள் 2020 மார்ச்சில் அம்முறையைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பயன்படுத்துமாறு கூறின. இந்த அச்சத்திற்கு வலுவான சான்று பின்னர் கிடைக்கவில்லை. அம்முறை மீண்டும் வழக்கத்திற்கு வந்தது.

தொடர வேண்டும் என்றவர்களின் காரணங்கள்

புற்றுநோய் அறுவை சிகிச்சையை விருப்பம்போல் நாள் குறித்துக்கொள்ளும் பிற அறுவை சிகிச்சைகளோடு ஒன்றாக எண்ணக் கூடாது என்பது இவர்களின் வாதம். குடலிறக்கம், மூட்டு மாற்று ஆகியவற்றுக்கு நாள் தள்ளிப்போனால் வலியும் இடரும் நீடிக்கும். ஆயினும் குணப்படுத்தும் வாய்ப்பு பொதுவாகக் கைநழுவிப்போவதில்லை. புற்றுநோயில் அது நழுவிப்போகலாம். இன்று அகற்றக்கூடிய கட்டி, சில மாதங்களில் அகற்ற இயலாததாக மாறக்கூடும்.

மும்பையிலுள்ள டாட்டா நினைவு மையம் சிகிச்சையைத் தொடர்வது என முடிவு செய்தது. அம்முடிவுக்கான காரணங்களை அம்மையத்தைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர்களான சி. எஸ். பிரமேஷ், இராஜேந்திர பட்வே ஆகியோர் 2020 ஏப்ரலில் மருத்துவ இதழ் ஒன்றில் விளக்கினர். 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை அங்கு 494 புற்றுநோயாளிகளுக்குத் திட்டமிட்ட அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அறுவைக்குப் பின்னர் ஆறு பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. ஒருவரும் இறக்கவில்லை. அந்நோயாளிகளில் பெரும்பாலோர் 60 வயதுக்கு உட்பட்டவர்களாகவும் பிற நோய்கள் இல்லாதவர்களாகவும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே இம்முடிவைப் படிக்க வேண்டும். முதியவர்களுக்கும் நுரையீரல், இதய நோய் உள்ளவர்களுக்கும் இதே பயன் கிட்டும் எனக் கொள்ள இயலாது.

கருத்துகள் ஒன்றுகூடிய இடம்

மாதங்கள் செல்லச் செல்ல, "நிறுத்துவதா, தொடர்வதா" என்ற கேள்வி, "யாருக்கு, எங்கே, எவ்வகைப் பாதுகாப்போடு செய்வது" என்று மாறியது. தொற்றாளர்கள் இல்லாத தனி அறுவை அரங்கு, தனி விடுதி, தனித் தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றைக் கொண்ட ஏற்பாடு 'தொற்றில்லா வழித்தடம்' எனப்பட்டது. 55 நாடுகளில் 9,171 புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இத்தகைய ஏற்பாட்டில் அறுவை செய்துகொண்டவர்களில் 2.2 சதவீதத்தினருக்கே நுரையீரல் சிக்கல்கள் ஏற்பட்டன. அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் இது 4.9 சதவீதமாக இருந்தது.

உங்கள் மருத்துவர் நாளைத் தள்ளிவைக்கிறார் எனில், அவர் உங்கள் நோயைச் சிறிதாக எண்ணுகிறார் என்று கொள்ளாதீர்கள். கட்டியினால் வரும் ஆபத்தையும் தொற்றினால் வரும் ஆபத்தையும் உங்கள் உடல்நிலைக்கு ஏற்ப ஒப்பிட்டே அவர் அம்முடிவுக்கு வந்திருப்பார். அந்த ஒப்பீட்டை உங்களுக்கு விளக்குமாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தள்ளிவைப்பதா இல்லையா என்பது எவ்வாறு முடிவு செய்யப்படுகிறது?

இம்முடிவை ஒரு மருத்துவர் தனித்து எடுப்பதைவிட, அறுவை சிகிச்சை, மருந்துச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை, மயக்கவியல் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் கூடி எடுப்பதே சிறந்தது. அவர்கள் பொதுவாகக் கருதுபவை:

• புற்றுநோயின் வகை, நிலை, வளரும் வேகம்
• அடைப்பு, இரத்தப்போக்கு, துளை விழுதல் போன்ற உடனடி ஆபத்து உள்ளதா என்பது
• அறுவைக்கு முன் வேறு சிகிச்சை அளித்து நோயைக் கட்டுக்குள் வைக்க இயலுமா என்பது
• நோயாளியின் வயது, சர்க்கரை நோய், இதய நோய், நுரையீரல் நோய், புகைப்பழக்கம்
• அவ்வேளையில் ஊரிலும் மருத்துவமனையிலும் தொற்றின் அளவு, காலியாக உள்ள தீவிர சிகிச்சைப் படுக்கைகள்

பிரிட்டனில் அறுவை சிகிச்சைத் துறைச் சங்கங்களின் கூட்டமைப்பு அறுவை சிகிச்சைகளை வரிசைப்படுத்தியது. 24 மணி நேரத்திற்குள், 72 மணி நேரத்திற்குள், 4 வாரங்களுக்குள், 3 மாதங்களுக்குள், 3 மாதங்களுக்கு மேலும் காத்திருக்கத்தக்கவை என அப்பட்டியல் அமைந்தது. இவ்வாறு காலவரையறையோடு பிரிப்பதில் நோயாளிக்கு ஒரு நன்மை உண்டு. "பிறகு பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு மாறாக, "எவ்வளவு காலத்திற்குள்" என்பது தெளிவாகிறது.

பொதுவாக விரைந்து செய்யப்படுபவை: குடலை அடைக்கும் பெருங்குடல் புற்றுநோய், தொடர்ந்து இரத்தம் கசியும் இரைப்பைப் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய், மூச்சுப்பாதையை நெருக்கும் கட்டிகள், வேகமாக வளரும் சதைக் கட்டிகள். நம் நாட்டில் புகையிலையினால் வாய்ப் புற்றுநோய் மிகுதி. இதனை முதற்கட்டத்தில் அகற்றுவதற்கும் சில மாதங்கள் கழித்து அகற்றுவதற்கும் இடையில் பேச்சு, விழுங்குதல், முகத்தோற்றம் ஆகியவற்றில் பெரும் வேறுபாடு நேரும்.

பொதுவாகச் சில காலம் காத்திருக்கத்தக்கவை: மெதுவாக வளரும் தைராய்டு புற்றுநோய்களில் பல, ஆபத்துக் குறைந்த புரோஸ்டேட் புற்றுநோய், மெதுவாக வளரும் சில தோல் புற்றுநோய்கள். இவற்றிலும் உங்கள் நோய் அவ்வகையைச் சேர்ந்ததா என்பதை உங்கள் மருத்துவரே கூற இயலும்.

அறுவைக்கு முன் அளிக்கப்படும் இடைக்காலச் சிகிச்சைகள்

நாள் தள்ளிவைக்கப்பட்ட அனைவரும் சிகிச்சையின்றிக் காத்திருப்பதில்லை. நோயைப் பொறுத்துக் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தொடங்கப்படலாம்:

• ஹார்மோன் ஏற்பிகள் உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு, அறுவைக்கு முன்னரே ஹார்மோன் மாத்திரைகள்
• மார்பகம், இரைப்பை, உணவுக்குழாய், சினைப்பை ஆகியவற்றின் சில நிலைகளுக்கு முதலில் கீமோதெரபி
• மலக்குடல் புற்றுநோய்க்கு 5 நாட்களில் முடியும் குறுகிய காலக் கதிர்வீச்சு, அதன்பின் இடைவெளி விட்டு அறுவை
• சில நோய்களுக்கு அறுவை சிகிச்சைக்கு மாற்றாகவே முழுமையான கதிர்வீச்சுச் சிகிச்சை

இவற்றில் பல, பெருந்தொற்றுக்கு முன்னரே நடைமுறையில் இருந்த முறைகளே. எனினும் கீமோதெரபி உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். மருத்துவமனைக்குப் பலமுறை வர வேண்டியிருக்கும். ஆகவே இதிலும் நன்மை தீமைகளைக் கேட்டறிந்து ஒப்புதல் அளியுங்கள்.

தாமதத்தால் எவ்வளவு தீங்கு நேரும்?

ஏழு வகைப் புற்றுநோய்களைப் பற்றிய முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2020 நவம்பரில் வெளியான பகுப்பாய்வு, அறுவை சிகிச்சை ஒவ்வொரு 4 வாரங்கள் தாமதமாகும்போதும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது எனக் கண்டது. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் 12 வாரத் தாமதம் இந்த அபாயத்தை 26 சதவீதம் வரை உயர்த்தும் என்றும் அது மதிப்பிட்டது.

இந்த எண்களைத் தவறாகப் புரிந்துகொண்டு அஞ்ச வேண்டாம். 8 சதவீதம் கூடுகிறது என்பது, நூற்றில் எட்டுப் பேர் கூடுதலாக இறப்பர் என்பதன்று. எடுத்துக்காட்டாக, ஒரு நோயில் நூற்றில் பத்துப் பேர் இறக்கும் வாய்ப்பு இருப்பின், 4 வாரத் தாமதத்தால் அது 10.8 ஆகிறது என்பதே பொருள். ஒருவருக்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் தாமதம் மாதக்கணக்கில் நீளும்போது இது பெருகுகிறது. ஆயிரக்கணக்கான நோயாளிகளை எண்ணிப் பார்க்கும்போது இழக்கப்படும் உயிர்கள் பலவாகின்றன. எனவே இரண்டு வாரம் தள்ளிப்போவதற்காக மனமுடைந்துபோகத் தேவையில்லை. கேள்வி கேட்காமல் ஆறு மாதம் காத்திருக்கவும் கூடாது.

உங்களுக்குத் தொற்று ஏற்பட்டிருந்தால் எப்போது அறுவை செய்யலாம்?

116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளிடம் 2020 அக்டோபரில் நடத்தப்பட்ட ஆய்வு இதற்கு விடையளித்தது. தொற்றே ஏற்படாதவர்களில் அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தோர் 1.5 சதவீதம். தொற்று கண்டறியப்பட்ட இரண்டு வாரங்களுக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் இது 4.1 சதவீதமாகவும், ஐந்து அல்லது ஆறு வாரங்களில் செய்துகொண்டவர்களில் 3.6 சதவீதமாகவும் இருந்தது. ஏழு வாரங்கள் கடந்தபின் மீண்டும் 1.5 சதவீதத்திற்குத் திரும்பியது. ஏழு வாரங்களுக்குப் பின்னரும் இருமல், மூச்சுத்திணறல் முதலியவை நீடித்தவர்களுக்கு மட்டும் அபாயம் கூடுதலாகவே இருந்தது.

இதனை அடிப்படையாகக் கொண்டு 'ஏழு வார இடைவெளி' என்ற பரிந்துரை பரவலாயிற்று. இவ்வாய்வு தடுப்பூசிகள் வருவதற்கு முன்னர் நடந்தது. பின்னர் தடுப்பூசியாலும், நோயின் கடுமை குறைந்ததாலும், இந்த இடைவெளி தளர்த்தப்பட்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே முடிவு செய்யப்படுகிறது. கட்டியினால் வரும் ஆபத்து மிகுதியாயின், முன்னதாகவே அறுவை செய்யப்படலாம். ஆகவே உங்களுக்குத் தொற்று ஏற்பட்டிருந்தால், அது எவ்வளவு இலேசானதாயினும், நாள் தள்ளிப்போகும் என்று அஞ்சி மறைக்காதீர்கள். மயக்க மருந்து அளிக்கும் மருத்துவருக்கு அச்செய்தி மிக இன்றியமையாதது.

மருத்துவமனையில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியவை

• அறுவைக்குச் சில நாட்கள் முன்னரே வீட்டில் தனிமையில் இருக்குமாறு கூறப்படலாம். அந்நாட்களில் திருமணம், துக்க வீடு, கோவில் திருவிழா போன்ற கூட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள்.
• ஆர்டி-பிசிஆர் போன்ற தொற்றுப் பரிசோதனை செய்யப்படும். முடிவு வரும்வரை தனி அறையிலோ விடுதியிலோ வைக்கப்படலாம்.
• உடன் தங்க ஒருவர் மட்டும் அனுமதிக்கப்படலாம். அவருக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.
• மருத்துவர்களும் செவிலியர்களும் முழு உடல் கவச உடையில் இருப்பர். முகம் தெரியாமையாலும் குரல் தெளிவின்மையாலும் அவர்கள் கூறுவது விளங்காவிடில், தயங்காமல் மீண்டும் கூறச் சொல்லுங்கள்.
• இயன்றால் விரைவில் வீட்டுக்கு அனுப்பப்படுவீர்கள். தையல், வடிகுழாய் ஆகியவற்றை வீட்டில் பராமரிக்கும் முறையைச் செவிலியரிடம் நேரில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை

1. புகையிலையை எவ்வடிவத்திலும் நிறுத்துங்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு மெல்லும் புகையிலை அனைத்தும் இதில் அடங்கும். சில வாரங்கள் நிறுத்தினாலும் நுரையீரலும் காயம் ஆறும் திறனும் மேம்படும்.
2. நாள்தோறும் நடங்கள். மூச்சுப் பயிற்சிகளை மருத்துவமனையில் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.
3. முட்டை, மீன், பருப்பு, பால், சுண்டல் போன்ற புரத உணவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மருத்துவரிடம் கூறுங்கள்.
4. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை இடைவிடாமல் உட்கொள்ளுங்கள்.
5. தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஊசியால் வரும் காய்ச்சலும் அறுவைக்குப் பின் வரும் காய்ச்சலும் ஒன்றோடொன்று குழம்பாதிருக்க, இரண்டுக்கும் இடையில் சில நாட்கள் இடைவெளி விடப்படும்.
6. ஸ்கேன் படங்கள், திசுப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால் காலம் வீணாகாது. நெடுநாள் காத்திருந்தால் ஸ்கேனை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கலாம்.
7. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ வேறு காப்பீட்டிலோ முன் அனுமதி பெற்றிருந்தால், புதிய தேதிக்கும் அது செல்லுமா என மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடனே மருத்துவ உதவி பெற வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள், நிலைமை கடுமையாயின் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

• நிற்காத இரத்தப்போக்கு, இரத்த வாந்தி, கறுத்த மலம்
• வயிறு உப்புதல், தொடர் வாந்தி, மலமும் காற்றும் பிரியாமை
• மூச்சுத்திணறல், நீரும் விழுங்க இயலாமை
• கண், தோல் மஞ்சளாதல்
• கால்கள் திடீரென வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல்
• வலிப்பு, கடும் தலைவலியோடு வாந்தி
• கீமோதெரபி பெறுபவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்

கீமோதெரபி பெறுபவருக்கு வரும் காய்ச்சலை "கொரோனாவாக இருக்கும், வீட்டிலேயே இருப்போம்" என எண்ணி விட்டுவிடக் கூடாது. இரத்த வெள்ளணுக்கள் குறைந்த நிலையில் வரும் கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• என் அறுவை சிகிச்சை ஏன் தள்ளிவைக்கப்படுகிறது? என் நோய்நிலை காரணமா, மருத்துவமனையில் இடமின்மை காரணமா?
• எத்தனை வாரங்களுக்குள் செய்தாக வேண்டும்? அதற்கு மேல் போனால் என்ன செய்வோம்?
• இடைப்பட்ட காலத்தில் வேறு சிகிச்சை உண்டா?
• கட்டி வளர்கிறதா என்பதை எப்போது, எவ்வாறு பார்ப்பீர்கள்?
• இங்கு இடமில்லையெனில், இதே அறுவையைச் செய்யும் வேறு மருத்துவமனைக்கு அனுப்ப இயலுமா?
• நாளைப் பற்றி யாரைத் தொடர்புகொள்வது? எந்த எண்ணில்?

இடமின்மையே காரணம் எனில், ஐந்தாம் கேள்வியை வற்புறுத்திக் கேளுங்கள். விடைகளைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறித்த காலத்திற்குள் அழைப்பு வராவிடில் நீங்களே தொடர்புகொள்ளுங்கள். அது மருத்துவர்களுக்குத் தொல்லை ஆகாது. பட்டியலில் ஒரு பெயர் விடுபடாமல் காக்கும் செயலே ஆகும்.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் உங்களுக்குத் தொற்று ஏற்பட்டால், அவருடைய அறுவை சிகிச்சையும் தள்ளிப்போகக்கூடும். ஆகவே தடுப்பூசி, முகக்கவசம், கை கழுவுதல் ஆகியவை உங்களுக்கும் சிகிச்சையின் ஒரு பகுதியே. நீங்கள் நோயுற்றால் பொறுப்பேற்க வேறொருவரை முன்னரே தேர்ந்து, மருந்து விவரங்களை அவரிடம் கூறி வையுங்கள்.

"நம்மை மறந்துவிட்டார்களோ" என்ற எண்ணம் காத்திருக்கும் நோயாளிகளை வாட்டுவது இயல்பு. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, யாரோடும் பேசாமை ஆகியவை நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். மனநல ஆலோசனை பெறலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் உடல்நலம் குறித்த தகவலையும் ஆலோசனையையும் கேட்கலாம். வலி மிகுந்தால், அறுவை நடக்கும்வரை பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. வலி தணிப்புச் சிகிச்சையை நோயின் எந்நிலையிலும் பெறலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

பெருந்தொற்றின் நடுவே அறுவை செய்துகொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. செய்யாமல் காத்திருப்பதில் மற்றோர் ஆபத்து உண்டு. இவ்விரண்டில் உங்களுக்கு எது குறைவானது என்பதை, உங்களைப் பரிசோதித்த மருத்துவர்களே கணித்துக் கூற இயலும். நாள் தள்ளிப்போனால், அடுத்த நாள் எது என்பதை அறியாமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு இவை மாற்றாகா.